விடிய விடியப் பாடும் கூத்துக் கலைஞர்கள்... தொண்டை எப்படித் தாங்குது? குரலைக் காப்பாற்ற என்ன செய்யணும்?

ராத்திரி 10 மணிக்கு மேல் தொடங்கும் தெருக்கூத்து, கிழக்கு வெளுக்கும் வரை நடக்கும். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, காலில் சலங்கை. இத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு, சுழன்று ஆடியபடியே உச்ச ஸ்தாயியில் பாடுகிறார்கள் கலைஞர்கள். மறுநாள் ராத்திரி இன்னொரு ஊரில் மறுபடியும் கூத்து.

நாம் ஒரு கல்யாண மண்டபத்தில் ரெண்டு மணி நேரம் சத்தமாகப் பேசினாலே அடுத்த நாள் குரல் கம்மிப்போகிறது. அவங்களுக்கு மட்டும் எப்படி முடியுது?

பிறவியிலேயே வெண்கலத் தொண்டை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் விஷயம் அது இல்லை. கூத்து ஆடும் முறையிலேயே குரலைக் காக்கும் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. அதையும் மீறி சுமை ஏறும்போது கூத்துக் கலைஞரின் குரலும் உடையும். கச்சேரி பாடகர், ஓதுவார், பஜனை பாடுபவர், பள்ளி ஆசிரியர் என்று குரலை வைத்துப் பிழைக்கும் எல்லோருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

திருவண்ணாமலைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

திருவண்ணாமலை என்றதும் தீபமும் கிரிவலமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இது பாட்டு ஊரும்கூட. மாணிக்கவாசகர் திருவெம்பாவையின் 20 பாடல்களையும் இங்கேதான் பாடினார் என்பது மரபு. திருப்புகழ் தந்த அருணகிரிநாதருக்கும் இதுதான் ஊர்.

மாவட்டத்தின் வடகிழக்கே செய்யாறு பக்கம் போனால் கூத்து மண். அங்குள்ள புரிசை கிராமத்தைத் தெரியாத நாடகக்காரர்கள் தமிழ்நாட்டில் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கூத்து நடத்தும் தம்பிரான் பரம்பரையின் ஊர் அது. அந்தப் பரம்பரையில் வந்த கண்ணப்பத் தம்பிரானிடம், சென்னையின் நவீன நாடகக்காரர்களே வந்து கற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால், பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பல நாள் தொடரும். கடைசியில் படுகளம், தீமிதி. கோடைக்கால சீசனில் ஒரு கலைஞருக்கு அடுத்தடுத்து கூத்து இருக்கும். அந்த நேரத்தில் குரல் போனால், வருமானமும் சேர்ந்தே போகும்.

தொண்டைக்குள்ள என்னதான் நடக்குது?

மூச்சுக் குழாயின் மேல்முனையில் இருப்பது குரல்வளை. அதற்குள் இரண்டு பக்கமும் இரண்டு சிறு தசை மடிப்புகள். இவைதான் குரல்நாண்கள். நீளம் எவ்வளவு தெரியுமா? வளர்ந்த ஆண்களுக்கு சுமார் 17 முதல் 25 மில்லிமீட்டர். பெண்களுக்கு சுமார் 12 முதல் 17 மில்லிமீட்டர். அதாவது ஒரு விரல் நகத்தின் அளவுதான்.

நுரையீரலில் இருந்து வரும் காற்று இந்த இரண்டு மடிப்புகளுக்கு நடுவே புகும்போது அவை அதிர்ந்து, ஒன்றோடு ஒன்று மோதிப் பிரிகின்றன. அந்த அதிர்வுதான் குரலுக்கு மூலம். வாயும் மூக்கும் தொண்டைக் குழியும் அதற்கு நிறமும் வடிவமும் கொடுக்கின்றன.

இப்போ ஒரு சின்ன கணக்கு. 1 கட்டை சுருதியில் பாடும் ஒரு ஆண், மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது அவருடைய குரல்நாண்கள் ஒரு வினாடிக்கு சுமார் 260 முறை மோதுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 15 ஆயிரத்துக்கும் மேல். 5 கட்டையில் பாடும் ஒரு பெண் மேல் ஷட்ஜம் பிடித்தால் வினாடிக்கு சுமார் 390 முறை. நிமிடத்துக்கு 23 ஆயிரத்துக்கும் மேல்.

கை தட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தட்டினால் ஒன்றும் ஆகாது. ஓங்கி ஓங்கி, நிறுத்தாமல், ரொம்ப நேரம் தட்டினால் உள்ளங்கை சிவக்கும், வீங்கும், காய்த்தும் போகும். குரல்நாணுக்கும் அதே கதைதான்.

குரலைக் கெடுப்பது எது?

ஸ்தாயி, சத்தம், நேரம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் குரலின் சுமை. அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸெ போன்றவர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு நாளில் குரல்நாண் எவ்வளவு நேரம் அதிர்ந்தது, எத்தனை முறை அதிர்ந்தது, அந்த அசைவில் மொத்தம் எவ்வளவு தூரம் போய்வந்தது என்று கணக்கு எடுக்கும் முறை இருக்கிறது.

மேல் ஸ்தாயியில் ஐந்து நிமிடம் பாடுவதால் குரல் கெடாது. மேல் ஸ்தாயியில், கத்தி, மணிக்கணக்கில் பாடினால் கெடும். மூன்றில் ஏதாவது ஒன்றைக் குறைத்தாலும் சுமை இறங்கும்.

நம்மை அறியாமலே கத்துவது ஏன்?

'நான் கத்தவே இல்லையே' என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் கத்துவது அவர்களுக்கே தெரியாது. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதக் குரல் தானாக உயரும். 1911-ல் இதை எழுதிப் பதிவு செய்தவர் எட்டியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு காது, மூக்கு, தொண்டை மருத்துவர். அவர் பெயராலேயே இது 'லொம்பார்ட் விளைவு' எனப்படுகிறது.

கூத்துக் களத்தை யோசித்துப் பாருங்கள். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், ஜனங்களின் இரைச்சல், பக்கத்துக் கடையின் ஸ்பீக்கர். பௌர்ணமி கிரிவலத்தில் 14 கிலோமீட்டரும் இதே நிலைமைதான். பஜனை பாடிக்கொண்டே நடக்கும் ஒருவர், தன் குரல் தனக்கே கேட்காததால் இன்னும் ஓங்கிப் பாடுகிறார். தன் குரல் தன் காதில் விழுந்தாலே பாதி பிரச்னை தீரும்.

கூத்து மேடையில் உள்ள பாதுகாப்பு என்ன?

கூத்தில் கலைஞர் ஒரு அடியைப் பாடுகிறார். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். முகவீணை அதே மெட்டை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் கலைஞர் ஆடுகிறார். ஆட்டம் உடம்புக்கு உழைப்புதான், ஆனால் குரல்நாணுக்கு ஓய்வு.

பிறகு வசனம் வரும், கட்டியக்காரன் வருவான், சிரிப்பு வரும். ஒரு வேஷம் உள்ளே போனால் இன்னொரு வேஷம் திரைக்குப் பின்னால் இருந்து வெளியே வரும். ராத்திரி முழுக்கக் கூத்து நடந்தாலும், ஒரே தொண்டை ராத்திரி முழுக்கப் பாடுவதில்லை. சுமை பல தொண்டைகளுக்குப் பங்கு போடப்படுகிறது.

ஆள் குறைந்த குழுவில்தான் ஆபத்து அதிகம். பின்பாட்டுக்கு ஒருவர் மட்டும் இருந்தால், அந்த ஓய்வு நேரம் குறைந்துவிடும்.

மைக் இல்லாத காலத்து நாடக மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடினார்கள். அந்த உயர்ந்த சுருதிக்குக் காரணம் அழகு மட்டும் இல்லை, தூரமும்தான். இன்றைக்கு மைக் இருக்கிறது. அப்படியும் பழைய பழக்கத்திலேயே கத்திப் பாடினால் மைக் வந்தும் பயன் இல்லை.

தொண்டை கட்டினால் உள்ளே என்ன ஆகியிருக்கும்?

எல்லாக் கம்மலும் ஒன்றல்ல. பொதுவாக நான்கு நிலைமைகள்:

வீக்கம்: ஒரு நாள் கத்தினாலோ சளி பிடித்தாலோ குரல்நாண் வீங்கும். ஓய்வு கொடுத்தால் சில நாளில் சரியாகும்.

முடிச்சு: வருஷக்கணக்கில் அதிகச் சுமை கொடுத்தால் இரண்டு நாண்களிலும் எதிரெதிரே காய்ப்பு போல வளரும். பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டியதில்லை. குரல் பயிற்சியே முதல் சிகிச்சை.

பாலிப்: பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் வரும் சதை வளர்ச்சி. சிலருக்கு ஒரே ஒரு முறை பலமாகக் கத்தியதில்கூட வரலாம். சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும்.

ரத்தக்கசிவு: பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென்று போனால் குரல்நாணில் ரத்தநாளம் உடைந்திருக்கலாம். இது அவசர நிலை. அந்த நொடியே பாட்டை நிறுத்த வேண்டும்.

உலகப் புகழ் பெற்றவர்களுக்கும் இது வந்திருக்கிறது. இங்கிலாந்துப் பாடகி அடெல் 2011-ல் கச்சேரிகளை ரத்து செய்துவிட்டு, பாஸ்டனில் குரல்நாண் ஆபரேஷன் செய்துகொண்டார். குணமாகித் திரும்பி வந்து பாடினார். ஆனால் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் பாடி நடித்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கு 1997-ல் நடந்த ஆபரேஷனுக்குப் பிறகு பழைய பாட்டுக் குரல் திரும்பவே இல்லை. ஆபரேஷன் எல்லாத்தையும் சரி பண்ணிடும் என்று நம்பி குரலை வதைப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பதற்கு இந்த இரண்டு பேருமே உதாரணம்.

பனங்கற்கண்டு, மிளகுப் பால், சித்தரத்தை... வேலை செய்யுமா?

தொண்டைக்கு இதமாக இருக்கும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதே இல்லை. உணவு, உணவுக் குழாயில் போகிறது. குரல்நாண் இருப்பது மூச்சுப் பாதையில். தப்பித்தவறி ஒரு சொட்டு அந்தப் பக்கம் போனால்தான் நமக்குப் புரையேறுகிறது.

தண்ணீர்கூட நேராகப் போய் நாணை நனைப்பதில்லை. உடம்பு முழுக்கப் போய், பிறகுதான் அங்கே ஈரம் சேரும். அதனால் மேடை ஏறும்போது ஒரு மடக்கு குடிப்பதைவிட, காலையிலிருந்தே போதுமான தண்ணீர் குடித்துவருவதுதான் முக்கியம். வெறும் தண்ணீரில் ஆவி பிடிப்பதும் ஈரப்பதம் தரும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் முகத்தைக் கவிழ்த்துச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

மரத்துப்போகச் செய்யும் தொண்டை மாத்திரைகளில் கூடுதல் கவனம் தேவை. வலி என்பது 'நிறுத்து' என்று உடம்பு சொல்லும் சேதி. அதை மறைத்துவிட்டுப் பாடினால் காயம் பெரிதாகும். ஆஸ்பிரின் போன்ற சில வலி மாத்திரைகள் ரத்தக்கசிவு வாய்ப்பையும் கூட்டும். 'இன்னைக்கு ஒரு ஊசி போட்டா பாடிடலாம்' என்று ஸ்டீராய்டு ஊசி தேடுவதும் இதே ரகம்தான். குரல்நாணைப் பரிசோதிக்காமல் போடக் கூடாது.

கிசுகிசுன்னு பேசினா ஓய்வு ஆகாதா?

இல்லை. கிசுகிசுப்பாகப் பேசும்போது பலர் குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகளை இன்னும் இறுக்குகிறார்கள். கட்டிய தொண்டைக்கு இது நல்லதல்ல. தேவைப்பட்டால் மெல்லிய, இயல்பான குரலில் சுருக்கமாகப் பேசுங்கள். இல்லாவிட்டால் பேசாமல் இருங்கள். அடிக்கடி கனைப்பதும் நாண்களை ஓங்கி மோத வைக்கும். கனைப்பு வந்தால் ஒரு மடக்கு தண்ணீர் குடிக்கலாம், அல்லது எச்சிலை விழுங்கலாம்.

ரமண மகரிஷி வருஷக்கணக்கில் மௌனம் காத்த ஊர் திருவண்ணாமலை. பாடுபவர்களுக்கு அவ்வளவு வேண்டாம். கூத்து முடிந்த காலையில் ரெண்டு மூணு மணி நேரம் சும்மா இருந்தாலே பெரிய விஷயம்.

பாடுவதற்கு முன்னால் என்ன செய்யலாம்?

10 நிமிடம் போதும். எடுத்த எடுப்பில் மேல் ஸ்தாயிக்குப் போகாதீர்கள்.

உதடுகளை 'ப்ர்ர்ர்' என்று அதிரவிட்டு, கீழே இருந்து மேலே, மேலே இருந்து கீழே மெதுவாகப் போய் வாருங்கள்.

வாயை மூடி 'ம்' என்று முனகிப் பாருங்கள். மூக்கிலும் உதட்டிலும் அதிர்வு தெரிய வேண்டும்.

கூல்டிரிங்ஸ் ஸ்ட்ரா ஒன்றை வாயில் வைத்து, அதற்குள்ளே 'ஊ' என்று பாடலாம். டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் குமிழி வரும்படியும் பாடலாம். குரல்நாண்கள் ஓங்கி மோதாமல் அதிர இது உதவும். குரல் சிகிச்சையில் உலகம் முழுக்கப் பயன்படும் பயிற்சி இது.

பாடி முடித்த பிறகும் இதையே கீழ் ஸ்தாயியில் 5 நிமிடம் செய்தால் தசைகள் தளரும்.

பாடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

சுருதியைக் குறைக்க வெட்கப்பட வேண்டாம். 5 கட்டையிலிருந்து 4-க்கு இறக்கினால் குரல்நாண் மோதும் எண்ணிக்கை சுமார் 11 சதவீதம் குறையும். நாணின் இழுவையும் தளரும். ஆர்மோனியத்தில் சுருதி மாற்ற ஒரு நொடி போதும்.

ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பாடுபவர் பக்கம் திருப்பி வையுங்கள். ஸ்பீக்கர் எல்லாம் ஜனங்களைப் பார்த்தே இருந்தால் கலைஞருக்குத் தன் குரல் கேட்காது, கத்துவார்.

மூச்சு விடும் இடத்தை முன்னாடியே குறித்து வையுங்கள். திருப்புகழ் போன்ற நீளமான சந்தத்தில் சொல் பிரியும் இடம் பார்த்து மூச்சு எடுக்காவிட்டால், கடைசிச் சொற்களைத் தொண்டையை இறுக்கித்தான் தள்ள வேண்டியிருக்கும்.

கூத்து முடிந்து விடியற்காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுக்காதீர்கள். வயிற்று அமிலம் மேலே ஏறி குரல்வளையைப் புண்ணாக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ரெண்டு மூணு மணி நேர இடைவெளி நல்லது. பீடி, சிகரெட், மது மூன்றும் குரலுக்கு நேர் எதிரி.

மைக் உண்மையிலேயே உதவுமா?

உதவும். குரல் பாதிப்பு இருந்த ஆசிரியர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு இடுப்பில் மாட்டும் சிறிய மைக் கருவி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு 'தண்ணீர் குடியுங்கள், கத்தாதீர்கள்' என்பது போன்ற குரல் பராமரிப்பு அறிவுரை கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, தெளிவான முன்னேற்றம் தெரிந்தது மைக் கிடைத்தவர்களிடம்தான். அறிவுரை சொல்வதைவிட சுமையை இறக்குவது பலன் தருகிறது.

மார்கழியில் பாடும் பிள்ளைகளுக்கு?

தூங்கி எழுந்தவுடன் குரல் கனத்துக் கிடக்கும். எழுந்து கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் குடித்து, சாதாரணமாகப் பேசிவிட்டுப் பிறகு பாடச் சொல்லுங்கள். திருவெம்பாவை ஒப்புவிக்கும் பிள்ளையிடம் 'இன்னும் சத்தமா' என்று சொல்வதைவிட 'இன்னும் தெளிவா' என்று சொல்லிப் பாருங்கள்.

மகரக்கட்டு உடையும் வயதில் பையன்களின் குரல்வளை வேகமாக வளர்கிறது. அந்த மாதங்களில் பழைய உச்ச ஸ்தாயியைப் பிடித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. வசதியான ஸ்தாயியில் மெதுவாகப் பாடலாம்.

டாக்டரிடம் எப்போ போகணும்?

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: பாடும்போது வலி, திடீரென்று குரல் போவது.

சில நாளில் காட்ட வேண்டியவை: நேற்று வரை எட்டிய மேல் ஸ்வரம் இன்று எட்டாமல் இருப்பது, மெதுவாகப் பாட முடியாமல் சத்தமாக மட்டுமே குரல் வருவது, ஒவ்வொரு கூத்துக்குப் பிறகும் குரல் கம்முவது.

சாதாரண ஆட்களுக்கு 4 வாரம் தாண்டியும் கம்மல் போகாவிட்டால் குரல்வளையை எண்டோஸ்கோப்பி மூலம் பார்க்க வேண்டும் என்கிறது 2018-ல் வெளியான அமெரிக்க மருத்துவ வழிகாட்டி நெறி. குரலே பிழைப்பாக இருப்பவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்பதையும் அதுவே சொல்கிறது.

மூச்சுத் திணறல், விழுங்கச் சிரமம், சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி இவற்றில் எது இருந்தாலும் உடனே போங்கள். புகையிலைப் பழக்கம் உள்ளவருக்குக் கம்மல் நீடித்தாலும் தள்ளிப் போடக் கூடாது. குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பல நேரம் கம்மல்தான். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம்.

திருவண்ணாமலை உட்பட எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. போகும்போது 'தொண்டை வலி' என்று மட்டும் சொல்லாமல், 'நான் பாடுபவன், குரல்நாணைப் பார்க்க வேண்டும்' என்று சொல்லிக் கேளுங்கள். தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தால் குரல்நாண் தெரியாது. அதற்கென்று கேமரா அல்லது கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 16 உலகக் குரல் தினம். கூத்து சீசன் சூடு பிடிக்கும் நேரமும் அதுதான். இந்த முறை உங்கள் ஊரில் கூத்து வைத்தால், விழாக் குழுவினர் மூன்று விஷயம் செய்யலாம். பின்பாட்டுக்கு ஒரு ஆள் கூடுதலாகக் கேட்கலாம். ஒரு ஸ்பீக்கரைக் கலைஞர்கள் பக்கம் திருப்பலாம். களத்துக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைக்கலாம். கர்ணனின் குரல் விடியும் வரை தெளிவாகக் கேட்கும்.